வாசலில் ஒரு சவப்பெட்டி

"பெத்த தாயை அடக்கம் பண்ணத் துப்பில்லை. நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?"

தேவாலயத்தின் வெளிவாசலில், கொட்டும் மழையில், சித்தப்பா மகன் பைலி கத்தினான். மாத்தன் தன் தாயார் ஏலியம்மாவின் சவப்பெட்டி மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டான்.

சபை இரண்டு கட்சியாகி மூன்று வருஷம். தேவாலயம் இப்போது எதிர்க்கட்சியின் கையில். கம்பிக் கதவுக்கு உள்ளே, சங்கிலியைப் பிடித்தபடி அவர்களுடைய தலைவர் உதுப்பு நின்றார்.

"உங்க ஆளுக்கு இங்கே ஒரு அடி மண்ணு கிடையாது. தூக்கிட்டுப் போடா!"

"என்னைப் பெத்த அம்மச்சி மாலை மாத்துனது இந்தப் பீடத்துலதான், அச்சாயா. உள்ளே கல்லறையில அப்பச்சன் பக்கத்துல படுக்கணும்னு ஆசைப்பட்டா. நான் போகவும் மாட்டேன், சண்டை போடவும் மாட்டேன்."

பின்னால் அவன் கட்சியின் பாதிரியார்; அவரைச் சுற்றி ஐம்பது பேர், கையில் ரப்பர் மரக் கட்டைகளோடு.

"ஒரு வார்த்தை சொல்லு," என்றான் பைலி. "இந்தக் கதவு அஞ்சு நிமிஷம் தாங்காது."

"தெரியும். அதனாலதான் சொல்லலை."

உச்சிவேளை தாண்டியது. உள்ளேயிருந்து ஒரு கல் பறந்து வந்தது. மாத்தனின் நெற்றி பிளந்து, ரத்தம் மழையோடு சட்டையில் இறங்கியது.

கட்டைகள் உயர்ந்தன. மாத்தனுக்கும் உடம்பு கொதித்தது. மரம் அறுத்துக் காய்த்த கை, தானாகவே இறுகியது. கஷ்டப்பட்டு விரல்களைப் பிரித்தான். கதவுக்கு முதுகைக் காட்டி, தன் ஆட்களுக்கு எதிரே இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"உள்ளே போறவன் என்னை மிதிச்சுட்டுப் போகட்டும்!"

"உன் ரத்தம்டா அது!"

"என்னுதோட நிக்கட்டும்."

பைலி அவனையே பார்த்தான். பிறகு கட்டையைக் கீழே போட்டான். ஒவ்வொன்றாக மற்றவையும் விழுந்தன.

முதுகுக்குப் பின்னால் சங்கிலி அவிழும் சத்தம்.

"பெட்டி தூக்க நாலு பேரு, ஜெபத்துக்கு உங்க அச்சன். மத்தவங்க வெளியே," என்றார் உதுப்பு, யார் முகத்தையும் பார்க்காமல்.

இந்த மழையில் குழி வெட்டி முடிக்கவே இருட்டிவிடுமே என்ற கவலையோடு மாத்தன் பெட்டியைச் சுமந்தான். கல்லறைத் தோட்டத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

தகப்பனார் கல்லறைக்குப் பக்கத்தில் புதுக்குழி. தண்ணீர் இறங்காமல் மேலே ஓலைக் கூரை.

"இது யார் வெட்டுனது?"

உதுப்பு தலைகுனிந்தார்.

"நான்தான், காலையில. குழி வெட்டத் தைரியம் இருந்துச்சு. எங்க ஆளுங்க முன்னாடி கதவைத் திறக்கத்தான் இல்லை. நீங்க ஒரு கல்லைத் திருப்பி எறிஞ்சா, திறக்காம இருக்க எனக்கு ஒரு சாக்கு கிடைக்கும்னு நின்னேன். கடைசிவரைக்கும் நீ அதைத் தரவே இல்லையே, மாத்தா!"