கை தாழ்ந்தால் இறக்கு

துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டும் சோமசேகரம் இறக்கிய தேயிலைப் பெட்டிகள் கப்பலுக்குள் போகாமல் கடலில் விழுந்தன. இறக்கச் சைகை வந்ததா, இல்லையா என்று நாளை விசாரணை. பொய் சொன்னவர் யாரோ, அவருக்கு வேலை போகும். கப்பல் தட்டில் நின்று சைகை காட்டிய அபூதாஹிரின் வீட்டுக்குச் சோமசேகரம் அன்று பின்னேரமே சண்டைக்குப் போனார்.

"அபூதாஹிர் நானா, உங்கட கை தாழ்ந்தது. அதுதான் இறக்கினனான்."

"நான் இறக்கச் சொல்லல்ல தம்பி."

"அப்ப நான் குருடனோ? எங்க, கையைத் தூக்குங்க பாப்பம்!"

அபூதாஹிர் தூக்கினார். கை கொஞ்ச நேரம் மேலே நின்றது. பிறகு மெல்லத் தாழ்ந்தது.

"இந்தா, இப்பவும் இறக்கிறீங்க!"

"இறக்கல்ல. பொழுதுபட்டா அது தானா விழுது. சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டாங்களெண்டு மறைச்சிட்டன்."

அவருடைய கண்ணிமைகளும் பாதி மூடியிருந்ததைச் சோமசேகரம் அப்போதுதான் கவனித்தார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டொக்டர் ஊசி போட்ட சிறிது நேரத்தில் இமைகள் விரிந்தன. தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

"நரம்பு சொல்றதை வாங்கிக்கொள்ளத் தசையில இடங்கள் இருக்கு. அதுகளை இவர்ட உடம்பே பழுதாக்குது," என்றார் டொக்டர். "குளிசை தாறன். விசாரணைக்குக் கடிதமும் தாறன். ரெண்டு பேரும் பொய் சொல்லேல்ல."

சோமசேகரத்துக்கு மூச்சு வந்தது.

"போதும் நானா, கையை இறக்குங்க."

"கொஞ்சம் பொறுங்க தம்பி," என்றார் அபூதாஹிர். "எவ்வளவு நாளைக்குப் பிறகு நிக்குது!"