எந்த கேபிள்?

"ப்ரோ, ஒரே ஒரு டவுட்டு. உங்க ஹோம் தியேட்டருக்கு எந்த கேபிள் போட்டிருக்கீங்க?"

எதிர் ஃப்ளாட் அலெக்ஸிடம் இதைக் கேட்கத்தான் ஸ்ரீநாத் வந்திருந்தான். அவனும் புதிதாக ஸ்பீக்கர் செட் வாங்கியிருந்தான்.

அலெக்ஸ் சற்றுத் தயங்கினான். "ஆப்டிகல்தான். இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"நான் கோஆக்சியல் போட்டேன், சவுண்டே எடுபடல. உங்களோடது வேற லெவல் ப்ரோ! நேத்து ஒரு சண்டை சீன் ஓடுச்சே, தட்டு விழுந்து உருண்டு நிக்கற வரைக்கும் எங்க ஹால்ல கேட்டுச்சு. அந்தப் பொண்ணு விசும்புனதுகூட அவ்ளோ கிளியர். நானும் வைஃபும் எங்க டிவிய ம்யூட் பண்ணிட்டுக் கேட்டோம்னா பாத்துக்கங்க!"

"மலிவா வாங்குனா அப்படித்தான்" என்று சிரித்தான் அலெக்ஸ். "நல்ல கேபிளுக்குக் கொஞ்சம் செலவு பண்ணணும்."

"எந்த பிராண்டு?"

குனிந்த தலையோடு காபி கொண்டுவந்த அலெக்ஸின் மனைவி ரெனிதா, டம்ளரை வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கேபிள் பாக்கெட் இருந்தது. அதை ஸ்ரீநாத்திடம் நீட்டிவிட்டு, முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் உதடு வீங்கியிருந்தது.

"இதையே எடுத்துட்டுப் போங்கண்ணா. ஸ்பீக்கரும் உள்ளே அட்டைப்பெட்டியிலதான் இருக்கு. வாங்குனதுலேர்ந்து எதையுமே இன்னும் பிரிக்கல."