ஐந்து மணி விசில்

“நல்ல சிப்பாய்னு எழுதிட்டேன். நல்ல அப்பான்னு எழுதத்தான் எனக்குக் கை வரலை,” என்றாள் அக்கா.

மறுநாள் முன்னாள் படைவீரர் சங்கத்தில் அப்பாவுக்கு நினைவுக் கூட்டம். குடும்பத்தின் சார்பில் பேசப்போகிறவள் அவள். பள்ளித் தலைமை ஆசிரியை. செத்தவரானாலும் தப்பைத் தப்பென்று சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்பா பதினெட்டு வருஷம் எல்லையில் இருந்தவர். காலில் குண்டடி பட்டு வீடு திரும்பினார். அம்மா போன பிறகு மூன்று பிள்ளைகளையும் ஒற்றை ஆளாக வளர்த்தார். சமைத்தார், அக்காவுக்குக் கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டார். அதையெல்லாம் அவள் தாராளமாகவே எழுதியிருந்தாள். விசில் விஷயத்தில்தான் மனசு ஆறவில்லை.

தினமும் காலை ஐந்து மணிக்கு விசில். விளக்குப் போடக் கூடாது, பேச்சு மூச்சு கூடாது. இருட்டிலேயே அவரவர் விரிப்பைச் சுருட்டி, குளியலறைத் தொட்டியில் சோப்புத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டு முற்றத்துக்கு ஓட வேண்டும். பிறகு நொண்டிக் காலோடு உட்கார்ந்து மூன்றையும் அப்பாவே துவைப்பார். கொட்டும் பனியிலும் விடுப்பு கிடையாது. தெருப் பிள்ளைகள் எல்லாம் மெத்தையில் தூங்க, இவர்களுக்கு மட்டும் தரையில் வெறும் விரிப்பு.

“பெத்த பிள்ளைங்களா, பட்டாளமா?” என்றாள் அக்கா.

அண்ணனும் ஆமோதித்தான். விசில் சத்தம் கேட்டால் இன்றைக்கும் தனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது என்றான்.

“அப்புறம் ஒருநாள் திடீர்னு விசிலைத் தூக்கிப் பரண்ல போட்டார். வீட்டுக்கு மூணு மெத்தை வந்துச்சு. ஏம்ப்பான்னு கேட்டா, ‘போர் முடிஞ்சிடுச்சு’ன்னார். எந்தப் போர்? ஆறு வருஷமா நம்ம வீட்ல என்ன போர் நடந்துச்சு?” என்றாள் அக்கா.

ஆலையில் தம்பி ஓர் அதட்டல் போட்டால் இருநூறு பேர் அடங்குவார்கள். இங்கே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“பதினோரு வயசு வரைக்கும் ராத்திரியில படுக்கையை நனைச்சிட்டிருந்தேன். உனக்குத் தெரியுமாக்கா?”

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவனும் விழித்தான்.

“தெரியாதேடா.”

“அதுக்குத்தான் அந்த விசில்.”