காலியாக விட்ட கட்டம்

"மதம்?" மருத்துவமனைச் சேர்க்கைப் படிவத்திலிருந்து நிமிராமலே கேட்டாள் கவுண்டரில் இருந்த பெண்.

"கிறிஸ்தவம்" என்றாள் மகள்.

"எழுதாதீங்கம்மா. காலியா விடுங்க" என்றார் சக்கர நாற்காலியிலிருந்த பெரியவர்.

"இங்க வந்துமா மானத்தை வாங்குறீங்க, அப்பா?"

வீட்டில் மகள் மட்டும் மதம் மாறியிருப்பாள் என்று கவுண்டரில் இருந்தவள் நினைத்துக்கொண்டாள். "பெரியவரைக் கட்டாயப்படுத்தாதீங்க" என்றாள். அதற்குள் ஸ்கேனுக்கு அழைப்பு வந்தது. படிவம் பாதியில் நின்றது.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார்கள். டாக்டர் என்ன சொன்னாரோ, மகளின் கண்கள் வீங்கியிருந்தன. பெரியவர்தான் பேசினார்.

"இப்ப எழுதுங்கம்மா, கிறிஸ்தவன்னு."

"ஏன் ஐயா, என்னாச்சு?"

"மெஷினுக்குள்ள தனியா படுத்திருந்தேன். சாவு பயம் வந்துடுச்சு. ஒரு ஜெபம்கூட வாயில வரல. 'நிஜமாவே இருக்கீங்களா'ன்னு மனசுக்குள்ள அழுதேன். 'இருக்கேன்'னு பதில் வந்துச்சும்மா. இந்தக் காதுல கேட்டேன்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கவுண்டரில் இருந்தவள் காலிக் கட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனாள்.

"என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"

பெரியவர் தலைகுனிந்தார்.

"சர்ச்ல பாஸ்டர்மா. நாப்பத்தோரு வருஷம்."