பெட்டிக்குள்ளே ஒரு தம்பி

ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. ஸ்கேன் கருவி அனுப்பும் கோடிக்கணக்கான எண்களை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் படமாக்குவது அதன் வேலை. படம் வருவதற்குள் டாக்டர் இரண்டு டீ குடித்துவிடுவார்.

ஒருநாள் அதன் பெட்டிக்குள் புது கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினார்கள். "என்னைக் கேட்காமலேயே யாரையோ குடிவைக்கிறாங்களே!" என்று கம்ப்யூட்டர் முறைத்தது.

"உன்னை மாதிரி எல்லா வேலையும் எனக்குத் தெரியாதுண்ணே. இந்தக் கணக்கை மட்டும் ஆயிரம் கையால ஒரே நேரத்துல போடுவேன்" என்றது கார்டு.

அன்று சாயங்காலம், பஸ்ஸிலிருந்து விழுந்த பூங்கோதை என்ற பெண்ணைத் தூக்கி வந்தார்கள். கம்ப்யூட்டர் எண்களை அள்ளி அள்ளிக் கொடுத்தது. டாக்டர் டீயை வாயில் வைப்பதற்குள் கார்டு படத்தை முடித்துவிட்டது.

"மூளைக்குள்ள ரத்தம் கசியுது. ஆபரேஷன் தியேட்டருக்கு ஓடுங்க!" என்று டாக்டர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

ஆயுத பூஜையன்று பூங்கோதை குணமாகி நடந்தே வந்தாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குத் தன் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். "நீ நல்லா இருக்கணும் சாமி" என்று கும்பிட்டாள்.

கம்ப்யூட்டருக்குக் கூச்சமாகிவிட்டது. "தம்பி, இது உனக்கு வைக்க வேண்டிய பொட்டு. நீ உள்ளே இருக்கிறது அந்தப் பொண்ணுக்குத் தெரியலை."

"பரவாயில்லைண்ணே. அவங்க நடந்து வந்த சத்தம் எனக்கும் கேட்டுச்சு."

பூங்கோதை சாம்பிராணி காட்டினாள். கம்ப்யூட்டர் தன் ஃபேனை முழு வேகத்தில் சுழற்றி, அந்தப் புகையைத் தம்பி இருக்கும் இடம் வரைக்கும் இழுத்துவிட்டது.