உள்பக்கத் தாழ்ப்பாள்

அலங்காநல்லூர்ப் பக்கம், தோட்டத்து மோட்டார் அறையின் கதவிலிருந்து தவசி பழைய கொண்டிகளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். மோட்டார் களவு போகாமலிருக்க, வெளிப்பக்கம் அவரே அடித்த இரண்டு இரும்புக் கொண்டிகள், ஒரு சங்கிலி. இப்போது மோட்டார் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது, அறைக்குள் இல்லை. அவருடைய சம்மதமில்லாமல் கல்யாணம் முடித்து வந்த மகன் சோணையும் மருமகள் மலையம்மாளும் எட்டு நாளாக அங்கேதான் குடியிருக்கிறார்கள். மருமகளோடு அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை தண்ணீர் பாய்ச்ச வந்தபோது, உள்ளே தாழ்ப்பாளில்லாத கதவுக்கு இரவெல்லாம் அண்டக்கொடுத்திருந்த அம்மிக்கல்லை அவள் மூச்சிரைக்க நகர்த்துவதைப் பார்த்தார். சாயங்காலம் சுத்தியலோடு வந்துவிட்டார். துருவேறிய ஆணிகள் கிறீச்சிட்டு வருகின்றன. அவை விட்ட துளைகள் வழியே மஞ்சள் வெயில் உள்ளே புகுந்து, மலையம்மாளின் சேலையில் பொட்டுப் பொட்டாக விழுகிறது. “ஒரு மோட்டாருக்கு இம்புட்டுக் காவலாப்பா?” என்று சிரிக்கிறான் சோணை. “மோட்டாரு சொன்ன பேச்சுக் கேக்கும்டா” என்கிறார் தவசி, பல்லில் திருகாணியைக் கடித்தபடி. மலையம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறாள். புதுத் தாழ்ப்பாளை உள்பக்கம் முடுக்கிவிட்டு வெளியே வந்தவர், “போட்டுப் பாக்கச் சொல்லு” என்கிறார் வெளியே நிற்கும் மகனிடம். கதவு சாத்திக்கொள்கிறது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கிறது. தவசி உள்ளங்கையால் தள்ளுகிறார், பிறகு தோளால். கதவு அசையவில்லை. அதோடு வேலை முடிந்தது. ஆனாலும் ஒற்றை விரலை மடக்கி மெல்லத் தட்டுகிறார். “யாரு?” என்கிறது உள்ளிருந்து குரல். சோணை சிரிப்பை நிறுத்தி அப்பாவைப் பார்க்கிறான். தவசி தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

“மாமா வந்திருக்கேன், தாயி.”