நெல்லி வைன்

கொழும்புத் துறைமுகத்தில் உல்லாசக் கப்பலில் ஏற வந்த கந்தப்பனின் பையைச் சோதித்த, தொப்பியும் முகக்கவசமும் அணிந்த கப்பல் சீருடைப் பெண், ஒரு போத்தலை வெளியே எடுத்தாள். அப்புத்தளையிலிருந்து ரயிலில் அவர் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த போத்தல் அது.

"என்ன ஐயா இது?"

"நெல்லி வைனுங்க. வீட்டுல போட்டது. ஆளுக்கு ஒரு வைன் போத்தல் கொண்டுபோகலாமுன்னு சொன்னாங்க."

"கடையில வாங்கின, சீல் உடைக்காத போத்தல்னா சரி. வீட்டுல போட்டத ஏத்த முடியாது."

"நான் குடிக்க இல்லீங்க. மக துஷாந்தினிக்குக் குடுக்கணும். இந்தக் கப்பல்லதான் வேல செய்யுது."

அவள் நிமிரவில்லை.

"விரும்பினவனக் கட்டிக்கிட்டுச்சு. இனி என் வாசல மிதிக்காதன்னு நான்தான் சொன்னேன். ஆறு வருசமாச்சு. மக வந்தா குடுக்கணும்னு என் சம்சாரம் வருசா வருசம் இதப் போட்டு வைப்பா."

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

கந்தப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"போன மாசம் தவறிட்டா. கடைசியாப் போட்டது இது."

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் தொப்பியையும் முகக்கவசத்தையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அம்மா போனத எனக்கு ஏன்ப்பா சொல்லல?" என்றாள் துஷாந்தினி.